இன்னும் வலி இருக்கு அண்ணி

கண்ணாடிக் கடையில் அவளுக்கு ஸ்க்ரூ அக்கா என்று பெயர். மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஸ்க்ரூ கடுகைவிடச் சிறியது. கை தவறிக் கீழே விழுந்துவிட்டால் மற்றவர்கள் டார்ச் அடித்து, மேசையை நகர்த்தி, தலையோடு தலை முட்டிக்கொண்டு தேடுவார்கள். அவள் வந்து தரையில் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும், கையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது அவள் வேலை. முதலாளிக்கு வாய்த்துடுக்கு அதிகம். அவளுக்கு ஆபரேஷன் ஆகி, முதுகெலும்பில் நாலு ஸ்க்ரூவும் இரண்டு கம்பியும் வைத்துப் படுக்கப்போட்டிருந்தபோது பார்க்க வந்தவர், எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் சும்மாதான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தோம். இப்பத்தான் பேருக்கு ஏத்த மாதிரி ஆயிருக்கீங்க" என்றார். சிரித்தால் தையல் இழுத்தது. இழுத்தாலும் பரவாயில்லை என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததாக யாருக்கும் நினைவில்லை.

அவள் கணவர் பிளம்பர். ஆறடி ஆள், எண்பத்திரண்டு கிலோ. மூன்று வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் குழாயை முடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. ஐந்தாறு சொற்கள்தான் மிஞ்சின: சரி, வேணாம், போதும், வா. இவற்றோடு 'சனியனே' என்ற வசவு மட்டும் ஒரு பிசிறு இல்லாமல் தப்பிப் பிழைத்துவிட்டது. சந்தோஷம் வந்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான். ஊசி போட வந்த நர்ஸ், நலம் விசாரிக்க வந்த பழைய கூட்டாளி, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை என்று பாகுபாடில்லாமல் எல்லோருக்கும் கொடுத்தார். அவள் பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்டாள்.

பிள்ளை குட்டி கிடையாது. அவரைத் தூக்குவது, உட்காரவைப்பது, குளிப்பாட்டுவது, துடைப்பது எல்லாம் அவள்தான். அவளோ நாற்பத்தொன்பது கிலோ. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, அங்கிருந்து குளியலறை ஸ்டூலுக்கு, மறுபடி நாற்காலிக்கு, மறுபடி கட்டிலுக்கு. காலையில் ஒரு சுற்று, மதியச் சாப்பாட்டுக்கு ஓடிவந்து அரைச் சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று. அவருடைய நல்ல கையைத் தன் கழுத்தில் மாலைபோலப் போட்டுக்கொள்வாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தூக்குவாள். முதுகு வலித்தது. யாருக்குத்தான் வலிக்கவில்லை என்று தைலம் தேய்த்துக்கொண்டாள். இடது கால் மரத்தது. செருப்பு நழுவியதுகூடத் தெரியாமல் ஒருநாள் கடைக்கு ஒற்றைச் செருப்போடு வந்து நின்றாள். அப்போதும் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் விட்டாள்.

ஒரு காலையில் குளியலறையில் "ரெண்டு" சொல்லி "மூணு" சொல்வதற்குள் இடுப்புக்கு மேலே ஏதோ சொடுக்கியது. இரண்டு பேரும் விழுந்தார்கள். அவள் கீழே, அவர் மேலே. அவள் கால்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. குழாய் திறந்தபடி இருந்தது. உதவிக்கு ஆளைக் கூப்பிடவேண்டும். அவளுக்கு மூச்சே வரவில்லை, அவருக்குச் சத்தமாக வரக்கூடிய சொல் ஒன்றே ஒன்றுதான். "சனியனே! சனியனே!" என்று தொண்டை கிழியக் கத்தினார். மாடிவீட்டு அம்மாவுக்கு அது காதில் விழாமல் இல்லை. 'காலங்காத்தாலயே ஆரம்பிச்சுட்டாரு' என்று நினைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்தார். முக்கால் மணி நேரம் கழித்து, வாசல் கதவுக்கு அடியில் தண்ணீர் ஓடி வருவதைப் பார்த்த பிறகுதான் இறங்கி வந்தார்.

உடனே முதுகை அறுக்காவிட்டால் காலுக்கு உணர்வு திரும்பாது என்று டாக்டர் சொன்னார். கையெழுத்துப் போட வந்தவர் அவள் நாத்தனார், கணவரின் அக்கா. அறுபத்திரண்டு வயது. ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாள், இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். அவர் வீட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும்.

"தம்பிய நான் கூட்டிட்டுப் போறேன். மூணு மாசந்தானே? அதுவரைக்கும் அவனப் பத்தி நினைக்கவே நினைக்காத. உன் உடம்பைப் பாரு" என்றார்.

"உங்க முழங்கால வச்சுக்கிட்டு எப்படி அண்ணி?"

"ஆள் போட்டுக்கறேன். காலைல ஒருத்தர் வந்து குளிப்பாட்டிட்டுப் போனா, மிச்சத்த நான் பாத்துக்க மாட்டேனா? என் கையில வளந்த பய அவன்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முடிந்த பிறகுதான் தெரிந்தது, அது தொடக்கம்தான் என்று. குனியக் கூடாது, இடுப்பைத் திருப்பக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது. எழுந்திருக்கவேண்டுமானால் உருட்டிய பாய்போல உடம்பு மொத்தமாக ஒரு பக்கம் புரளவேண்டும். பிறகு காலைத் தொங்கப்போட்டு, கையை ஊன்றி எழவேண்டும். பெல்ட் கட்டாமல் கழிப்பறைக்குக்கூடப் போகக் கூடாது. அவள் தங்கை மூன்று வாரம் வந்து தங்கினாள். நல்ல பெண், முகம் சுளிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை அக்காவைப் புரட்டிப்போடும்போதும் தன்னையறியாமல் ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"இப்ப எதுக்குடி இப்படி மூச்சு விடற? நான் என்ன உன்னைக் கூப்பிட்டேனா?"

தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் எங்கக்கா மூச்சு விட்டேன்? சும்மா நின்னேன்" என்றாள்.

மூன்று வருடமாக அவரைப் புரட்டும்போது தான் எத்தனை ஆயிரம் பெருமூச்சு விட்டிருப்போம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதைக் கேட்டுக்கொண்டு அவர் கிடந்திருக்கிறார்.

தங்கை போனபின் மாடிவீட்டு அம்மா சாப்பாடு கொண்டுவந்து வைத்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடந்தாள். பிறகு வாசல்வரை, பிறகு தெருமுனை மருந்துக்கடை வரை. இடது பாதத்தில் மதமதப்பு கொஞ்சம் தங்கிவிட்டது. மற்றபடி கால் சரியாகிவிட்டது. இரண்டாம் மாதக் கடைசியில் வாடகைக் காரில் மெல்லப் போய்க் கணவரைப் பார்த்துவிட்டு வந்தாள். சவரம் செய்து, சட்டை மாற்றி, நன்றாகத்தான் இருந்தார். இவள் பெல்ட்டை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு "சனியனே" என்றார். மூவரும் சிரித்தார்கள்.

இதற்கிடையில் அவளுக்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவள் முழு இரவும் தூங்கினாள். டீயை ஆறுவதற்குள் குடித்தாள். குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, யார் கூப்பிடுவார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டிராமல், தலை முழுக இரண்டு வாளி ஊற்றிக்கொண்டாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் மறைந்தது. தெருமுனை மருந்துக்கடைக்காரர், "ஆபரேஷன் உங்களுக்கு ஒத்துக்கிச்சும்மா" என்றார். அது ஆபரேஷன் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததை மனசுக்குள்கூட அவள் முழு வாக்கியமாகச் சொல்லிப் பார்க்கவில்லை.

மூன்றாம் மாதம் முடிந்து பரிசோதனைக்குப் போனாள். எலும்பு நன்றாகச் சேர்ந்திருக்கிறது, உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் இன்னும் ஒருபடி மேலே போனாள். வீட்டில் படுத்தபடுக்கையாக ஒருவர் இருக்கிறார் என்று கேட்டதும், ஒரு விரிப்பை எடுத்து மேசைமேல் போட்டு, எப்படி இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று இழுக்கவேண்டும் என்று காட்டினாள்.

"தனியா மட்டும் தூக்காதீங்க. கூட ஒரு ஆளு இருந்தாப் போதும், நீங்க தாராளமாப் பாத்துக்கலாம். எப்ப கூட்டிட்டு வரப் போறீங்க?"

"சீக்கிரமே" என்றாள்.

வீட்டுக்கு வந்து கணவரின் காலிக் கட்டிலைப் பார்த்தாள். மாடிவீட்டு அம்மாவைக் காலையிலும் மாலையிலும் ஒரு கை பிடிக்கக் கேட்கலாம், மாட்டேன் என்று சொல்லமாட்டார். எல்லாம் ஆகக்கூடிய காரியம்தான். ஆறு மணிக்கு, தினமும் வருவதுபோல, நாத்தனாரின் போன் வந்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

வாயைத் திறக்கும்வரை, உள்ளதைத்தான் சொல்லப்போகிறோம் என்று அவள் நினைத்திருந்தாள்.

"இன்னும் வலி இருக்கு அண்ணி. ஒரு மாசம் போகட்டும், அப்புறம் பாக்கலாம்ங்கறாரு."

அந்தப் பக்கம் ஒரு டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"சரிம்மா. அவசரமில்ல. ஒரு மாசந்தானே? இவன் நல்லாத்தான் இருக்கான்" என்றார் நாத்தனார். பிறகு போனைத் தம்பி காதில் வைத்தார். "சரி" என்றது அவர் குரல்.

போனைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். ஒரு வாரம்தான், ஒரே ஒரு வாரம், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை கடைக்குப் போனாள். பத்திலிருந்து இரண்டு மணி வரை. பின்னறையில் அவள் ஸ்டூலுக்குப் பதிலாக முதுகு சாயும் நாற்காலி ஒன்றை முதலாளி வாங்கிப் போட்டிருந்தார். லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் தண்ணீர்ச் சத்தம் பழையபடி காதில் விழுந்தது. வட்டக் கண்ணாடியை இயந்திரத்தில் வைத்து, ஃப்ரேமின் வடிவத்துக்குச் சிறிது சிறிதாகக் குறுக்கி, ஓரம் மழுக்கி, ஃப்ரேமைச் சூடாக்கி உள்ளே தள்ளும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் பொருந்திவிட்டது என்று அர்த்தம். முதல் நாள் ஆறு கண்ணாடி முடித்தாள். எடைபோட்டால் ஆறும் சேர்ந்து கால் கிலோகூட இருக்காது.

ஒரு வாரம் இரண்டாயிற்று, மூன்றாயிற்று. ஆறு மணிப் போனுக்கு முன்னால் அவள் கட்டிலில் சாய்ந்துகொள்வாள். குரலைத் தணித்துக்கொள்வாள். பேச்சின் நடுவே ஒரு "ஸ்ஸ்" போடக்கூடக் கற்றுக்கொண்டாள். போய்ப் பார்க்கவும் முடியவில்லை. போனால் நடையே காட்டிக்கொடுத்துவிடும். வேலை முடிந்து வரும் வழியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, தெருவில் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு கால்மணி நேரம் ஒரு டீயைக் குடிப்பாள். அந்தக் கால்மணி நேரத்தில் அவள் யாருக்கும் மனைவியில்லை.

நாத்தனாரின் பேச்சும் குறைந்துகொண்டு வந்தது. முன்பெல்லாம் தம்பி என்ன சாப்பிட்டான், யாரைத் திட்டினான் என்று ஒரு பாட்டம் சொல்லி முடிக்காமல் போனை வைக்கமாட்டார். இப்போது "நல்லா இருக்கான்" என்பதோடு சரி. போனைத் தம்பி காதில் வைப்பதும் நின்றுவிட்டது. "தூங்கறான்" என்பார். தினமும் ஆறு மணிக்கு ஒரு மனிதர் தூங்குவாரா என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கணவர் குரலைக் கேட்காமலிருந்தது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது. பின்னால் யோசித்தபோது, பொய் சொன்னதைக்கூட ஒருவேளை மன்னித்துக்கொள்ளலாம், இந்தச் சௌகரியத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

வேலைக்குத் திரும்பிய இருபத்துநாலாம் நாள், பகல் பன்னிரண்டு இருக்கும். ஒரு கிழவரின் கண்ணாடியைக் கவுன்டரில் வைத்துச் சரிசெய்துகொண்டிருந்தபோது ஸ்க்ரூ நழுவிக் கீழே விழுந்தது. உடற்பயிற்சிப் பெண் சொல்லிக்கொடுத்தபடி முதுகை நேராக வைத்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்து, தரையைத் தடவி எடுத்துக்கொண்டு, பிடிமானமில்லாமல் ஒரே எழுச்சியாக எழுந்தாள். எழுந்து நிமிர்ந்தபோது கவுன்டருக்கு அந்தப் பக்கம் நாத்தனார் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போயிருக்கிறார். பூட்டியிருந்திருக்கிறது. "அவங்க வேலைக்குப் போய் மூணு வாரத்துக்கு மேல ஆகுதே" என்று மாடிவீட்டு அம்மா சொல்லியிருக்கிறார்.

அவளுக்குக் கையிலிருந்த ஸ்க்ரூவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றாள். நாத்தனார் திட்டவில்லை. வாடிக்கையாளர்கள் முகம் பார்ப்பதற்காகக் கண்ணாடிக்கு எதிரே போட்டிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அவனுக்கு முதுகுல புண்ணு வந்துருச்சும்மா" என்றார். "என்னால மூட முடியல. நானும் என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டேன்."

காரில் போகும்போது மிச்சத்தைச் சொன்னார். குளிப்பாட்ட வந்துகொண்டிருந்த ஆள் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். நாளைக்கு வேறு ஆள் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று நாள் ஓடியது. தனியாகப் புரட்டிப் பார்த்தார். முழங்கால் மடங்கிக் கட்டில்மேலேயே விழுந்தார். அதற்குப் பிறகு பயம் பிடித்துக்கொண்டது. ஒரே பக்கமாகக் கிடத்திவிட்டு, துடைக்க முடிந்த இடத்தை மட்டும் துடைத்தார். முதலில் ஒரு சிவப்பு. பிறகு கொப்புளம். பிறகு பார்க்கவே முடியவில்லை.

"ஏன் அண்ணி சொல்லல? தினமும் போன் பேசினோமே."

"எப்படிச் சொல்றது? சொன்னா நீ ஓடி வருவ. வந்து தூக்குவ. மறுபடியும் முதுகு போச்சுன்னா உங்க ரெண்டு பேரையும் நானா பாக்கறது?" என்றவர், ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "அதெல்லாம் ஒரு சாக்கு. என்னால முடியலன்னு சொல்ல வாய் வரல. அவ்வளவுதான்" என்றார்.

அறைக்குள் நுழையுமுன்னே வாடை வந்தது. கணவரை இருவருமாக ஒரு பக்கம் சாய்த்தபோது, முதுகுக்குக் கீழே, பிட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு கை நுழைகிற அளவுக்குக் குழி. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அவள் அதை எலும்பு என்று புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உடம்பு அனலாகக் கொதித்தது. அவர் கண்ணைத் திறந்து அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பெல்ட் இல்லை. கையில் தடி இல்லை. நிமிர்ந்து நிற்கிறாள்.

"சரி" என்றார்.

எந்தச் 'சரி' என்று அவளுக்குத் தெரியவில்லை. சோறு போதுமா என்றாலும் அதே சரிதான், ஜன்னலைச் சாத்தட்டுமா என்றாலும் அதே சரிதான். நீ நன்றாகிவிட்டாய், சந்தோஷம் என்றாரா, இதுதான் சங்கதியா என்றாரா என்று இன்றுவரை அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார். இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"இருபது நாள்" என்றார் நாத்தனார்.

"இருபது நாளா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

அவள் போர்வையை இழுத்துக் கணவரின் காலை மூடினாள்.

ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார்கள். மருந்து மாற்றி மாற்றி ஏற்றினார்கள். இரண்டு மணிக்கொரு தரம் அவரைப் புரட்டவேண்டும். நர்ஸ் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக விரிப்பைப் பிடித்து இழுத்தால், காற்றடைத்த பைபோல அவர் நகர்ந்து வந்தார். உடம்பு வற்றி எடை குறைந்திருந்தது. அது மட்டும் காரணமில்லை. இரண்டு பேரும் ஒரு விரிப்பும் இருந்தால் இவ்வளவு சுலபம். மூன்று வருடமாக மாடியில் ஒரு ஆள் இருந்தார், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சப்பட்டு முதுகை உடைத்துக்கொண்டாள்.

நர்ஸ் ஊசி குத்தும்போதெல்லாம் அவர் பேசாமல் கிடந்தார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை திட்டினால் போதும் என்றிருந்தது. புண்ணைச் சுரண்டிக் கழுவியபோதுகூட அந்த வசவு வரவில்லை. அன்றைக்குத்தான் அவளுக்கு நம்பிக்கை போயிற்று.

ஒன்பதாம் நாள் மத்தியானம் போனார். அவள் பக்கத்தில்தான் இருந்தாள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே வந்தது. ஒரு இடைவெளி முடியவேயில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவளுக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். மூன்று வருடம் கோயில் சிலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாயே என்றார்கள். தங்கை அவள் தோளைக் கட்டிக்கொண்டு, "உனக்கு மட்டும் முதுகு சரியாயிருந்தா அத்தான இப்படி விட்டுருப்பியாக்கா? நீ பக்கத்துல இருந்தா ஒரு கீறல் விழுந்திருக்காது" என்று அழுதாள். அறையில் பத்துப் பேர் இருந்தார்கள். சுவரோரம் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். எல்லோர் பார்வையும் ஒரு கணம் அவர் பக்கம் போய்வந்தது. பார்த்துக்கொள்கிறேன் என்று கூட்டிக்கொண்டு போய்க் கோட்டை விட்டுவிட்டாரே என்பது போன்ற பார்வை. நாத்தனார் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடையில் அவள் எழுந்து நின்ற நிற்பைச் சொன்னால் போதும்.

"ஆமா. அவளுக்கு முடியல. நான்தான் பாத்துக்கறேன்னு கூட்டிட்டுப் போனேன்" என்றார் நாத்தனார்.

அவள் வாயைத் திறந்தாள். தங்கை தண்ணீர் டம்ளரை நீட்டினாள். வாங்கிக் குடித்தாள்.

இரண்டு வாரம் கழித்து, கணவரின் துணிமணிகளை எடுத்துவர நாத்தனார் வீட்டுக்குப் போனாள். பஸ்ஸிலேயே போனாள். முதுகுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டிலில் மெத்தை இல்லை, வெறும் பலகை. நாத்தனார் சட்டைகளை மடித்து அடுக்கி வைத்திருந்தார். டீ போட்டுக் கொடுத்தார். இருவரும் பலகையைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்துகொண்டார்கள்.

"அன்னைக்கு எல்லார் முன்னாலயும் ஏன் சொல்லாம விட்டீங்க அண்ணி?"

"எதை?"

"எனக்கு வலி இல்லைங்கறத. டாக்டர் அன்னைக்கே சரியாப்போச்சுன்னு சொல்லிட்டாரு. நான் பொய் சொன்னேன்."

"தெரியும்."

"கடையில பாத்தப்ப."

"இல்ல. போன்ல சொன்னியே, அன்னைக்கே தெரியும்." நாத்தனார் டீயைக் கீழே வைத்தார். "வலி இருக்கறவங்க குரல் அப்படி இருக்காது. நானும் பத்து வருஷமா முழங்கால் வலிக்காரிதானே? அன்னைக்கு உன்கிட்ட பயந்தான் இருந்துச்சு."

அவள் தலை நிமிரவில்லை.

"தெரிஞ்சுமா சரின்னீங்க?"

"மூணு வருஷம் நீ பாத்த. ஒருநாள் வந்து உன்னை வெளியில போய்ட்டு வான்னு நான் சொன்னதில்ல. ஞாயித்துக்கிழமை வருவேன், உக்காந்து சாப்பிடுவேன், அவன் திட்டுறதுக்குச் சிரிப்பேன், போயிடுவேன். ஒரு மாசம் கேக்கறாளே, குடுத்துட்டுப் போவோமேன்னு நெனச்சேன். முடியும்னுதான் நெனச்சேன்." குரல் உடையவில்லை. கணக்குப் புத்தகம் வாசிப்பவர்போலச் சொன்னார். "முடியலன்னு தெரிஞ்சப்பவும், அவ இன்னும் பத்து நாள்ல வந்துடுவா, அதுவரைக்கும் இழுத்துடலாம்னு இருந்துட்டேன். நீ வரல. நான் கூப்பிடல."

அவளுக்கு நாத்தனாரின் காலைப் பிடித்து அழவேண்டும்போலவும் இருந்தது, எழுந்து ஓடிவிடவேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் டீயைக் குடித்து முடித்தாள். ஒருவருக்கொருவர் மன்னித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அப்படிச் சொல்வதற்கு உரியவர் அந்த வீட்டில் இல்லை.

அதன் பிறகு அவள் முழுநாள் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஆறாம் மாதப் பரிசோதனையில் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகச் சொன்னார்கள். தெருவில், பஸ்ஸில், கடையில், எங்கே பார்த்தாலும் அவள் நன்றாக இருக்கும் ஒரு பெண். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடவேண்டியதில்லை என்பது சில நாள் மறந்துபோய், ஒரு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்து நிற்பாள். முதலாளி பார்த்தும் பார்க்காததுபோலக் கண்ணாடி அலமாரியைத் துடைப்பார். அவள் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள்.

வருடம் ஒன்று போயிருக்கும். நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. இரண்டு முழங்காலும் மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் இனி நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தேதி குறித்தாயிற்று. முடிந்தபின் ஒரு பராமரிப்பு நிலையத்தில் ஆறு வாரம் இருக்கப் போகிறேன் என்றார்.

"எதுக்கு அண்ணி அங்கெல்லாம்? நம்ம வீட்டுக்கு வாங்க. நான் பாத்துக்கறேன்."

"வேணாம்மா."

"என் முதுகு நல்லாத்தான் இருக்கு. மேல் வீட்டு அம்மாவும் கை குடுப்பாங்க. நான் கேட்டுட்டேன்."

"முதுகுக்குச் சொல்லல." என்றார் நாத்தனார். "முடியாதப்ப முடியலன்னு சொல்லுவியா?"

கடைக்கு வெளியே ஒரு பஸ் நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று.

"சொல்லுவேன் அண்ணி."

"எனக்கு அந்த நம்பிக்கை இல்ல. எனக்கு என் மேலயே இல்ல, வலிக்குதுன்னு உன்கிட்ட வாய் திறந்து சொல்லுவேன்னு" என்றார் நாத்தனார். "அங்க இருக்கறவங்க யாரோ எவரோ. அவங்ககிட்ட கூச்சமில்லாமக் கத்தலாம்."

ஆபரேஷன் அன்று அவள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனாள். பராமரிப்பு நிலையத்துக்கு ஞாயிறுதோறும் போனாள். போனவுடன் போர்வையை விலக்கி, நாத்தனாரைப் பக்கவாட்டில் சாய்க்கச் சொல்லி முதுகைப் பார்ப்பாள். அங்கிருக்கும் பெண்களுக்கு அது பிடிக்கவில்லை. "நாங்க பாத்துக்க மாட்டோமா?" என்று கோபித்துக்கொண்டார்கள். அவள், கணவருக்குப் புண் வந்த அதே இடத்தை விரலால் அழுத்தி, வெளுத்த தோலில் பழைய நிறம் திரும்புகிறதா என்று கவனித்துவிட்டுத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள். நாத்தனாரும் சுவரைப் பார்த்தபடி திரும்பிக் கொடுப்பார்.